கதவண்டை ஓடிய ரோதை



அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் பேதுருவின் விடுதலைக்காகவே வாசிக்கிறோம். சங்கிலிகள் கழன்று விழுந்ததும், இரும்புக் கதவு தானாகத் திறந்ததும் நம் மனத்தில் நிற்கின்றன. அதற்குப் பின் வரும் ஒரு சிறு சம்பவத்தை விரைந்து கடந்துவிடுகிறோம். மாற்கு எனப்பட்ட யோவானின் தாயாகிய மரியாளின் வீட்டில் அநேகர் கூடி ஜெபித்துக்கொண்டிருந்த அந்த இரவில், பேதுரு வந்து வாசற்கதவைத் தட்டுகிறார். யாரென்று அறிய எழுந்து போகிறவள் ரோதை என்னும் பணிப்பெண். குரலைக் கேட்டவுடனேயே அவரென்று அறிந்துகொள்கிறாள். மகிழ்ச்சி மிகுதியால் கதவைத் திறக்கவும் மறந்து உள்ளே ஓடிச் சொல்கிறாள். அவள் பிதற்றுகிறாள் என்கிறார்கள் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள். அவள் உறுதியாகச் சொன்ன பிறகும், அது அவருடைய தூதனாயிருக்கும் என்று தங்களுக்குள் ஒரு விளக்கம் கண்டுபிடிக்கிறார்கள். பேதுருவோ வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார்.

எந்தக் காரியத்திற்காகச் சபை ஊக்கமாக ஜெபித்ததோ, அந்த ஜெபம் கேட்கப்பட்டதென்று முதலாவது அறிந்தவள் அந்த வீட்டின் வேலைக்காரப் பெண். அவள் சொல்லைத்தான் சபை நம்பவில்லை. பரிசுத்த லூக்கா இதை மறைக்காமல் எழுதியதோடு, அவள் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். நம் வீடுகளில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பாத்திரம் துலக்குகிற சகோதரியின் முழுப்பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று இவ்விடத்தில் கேட்கத் தோன்றுகிறது. என்னைக் கேட்டால், போன ஆண்டு வரை எனக்குத் தெரியாது.

இந்த வாரம் இந்த வேதபகுதியை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாதம் ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, நான்கு பெண்கள் ஆயர் அறையின் வாசலில் வந்து நின்றார்கள். இருவர் நம் சபையார். கடைசி வரிசைகளில் அமர்கிறவர்கள். மற்ற இருவர் வேறு சமயத்தவர். நால்வரும் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வீடுகளில் வேலை செய்கிறவர்கள். மாதத்தின் மூன்றாம் ஞாயிறு பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை, தங்கள் வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கத்தின் கூட்டத்தை நடத்த நம் ஐக்கிய மண்டபத்தைத் தர முடியுமா என்று கேட்டார்கள். "வாடகை குடுக்குற அளவுக்கு எங்ககிட்ட இல்லீங்க ஐயா. பெருக்கித் துடைச்சு, எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போவோம்" என்றார் மூத்தவர். மற்றவர் வீடுகளை நாளெல்லாம் பெருக்குகிறவர்கள், நம் மண்டபத்தையும் பெருக்கித் தருவதாக வாக்குக் கொடுத்து நிற்கிறார்களே என்று எனக்கு நெஞ்சு கனத்தது.

விண்ணப்பத்தைக் குருசேகரக் கமிட்டியின் முன் வைத்தேன். முடிவு ஒத்திவைக்கப்பட்டது. தேவாலய வளாகத்தில் தொழிற்சங்கமா, அரசியல் உள்ளே வந்துவிடாதா, நம் வீடுகளில் இருக்கிற சமாதானம் குலையாதா என்று மூப்பர்கள் கேட்டார்கள். அவர்கள் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆகவே அந்தக் கேள்விகளுக்கு மரியாதையுடன் மறுமொழி சொல்ல வேண்டியது என் கடமை. இங்கே நான் எழுதுவது கமிட்டியின் தீர்மானம் அன்று, என் சொந்தக் கருத்து.

முதலில் அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதைப் பார்ப்போம். ஒரு தலைமுறைக்கு முன் நம் வீடுகளில் வேலை செய்தவர்களில் பலர் நடந்து வரும் தூரத்தில் வாழ்ந்தார்கள். அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்தும், கடலோரக் குப்பங்களிலிருந்தும் வந்தார்கள். 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், 2015 பெருவெள்ளத்திற்குப் பின் பெருமளவில் பெரும்பாக்கத்திற்கும் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெயர்த்து அனுப்பப்பட்டன. வீடு பெயர்ந்தது, வேலை பெயரவில்லை. ஆகவே இன்றும் விடியுமுன் எழுந்து, தம் வீட்டுச் சமையலை முடித்து, பேருந்தேறி, ஏழு மணிக்கு நம் வாசலில் நிற்கிறார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது இவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆயினும் அந்தப் பேருந்து தாமதித்தால், அதற்கான கணக்கை நம் சமையலறை வாசலில்தான் ஒப்புவிக்க வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்டவர்கள் ஒன்றுகூடுவது எவ்வளவு கடினம் என்பதை நாம் உணர்வதில்லை. ஆலைத் தொழிலாளிக்கு ஒரு வாசல் உண்டு. வேலை முடிந்து ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். வாசலில் நின்று ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். வீட்டுவேலைக்கோ ஒவ்வொரு வீடும் தனித்தனி ஆலை. ஒரு பெண்ணுக்கு நான்கு வீடு என்றால் நான்கு முதலாளிகள், நான்கு விதமான நேரம், நான்கு விதமான சம்பளம். பக்கத்து வீட்டில் வேலை செய்கிறவளுக்கு என்ன தருகிறார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. அதைக் கேட்டறிவதை நாம் விரும்புவதும் இல்லை. அவர்கள் சந்திக்கும் இடங்கள் பேருந்து நிறுத்தமும், ரேஷன் கடை வரிசையும், தண்ணீர்க் குழாயும், ஆலயமும் மட்டுமே.

அத்தகையோரை இந்த நாடு முழுவதிலும் ஒன்றுசேர்க்கும் வேலையைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஒரு கன்னியாஸ்திரீ என்பதைச் சபையார் அறிய வேண்டும். பெல்ஜியம் நாட்டில் பிறந்த சகோதரி ஜீன் டேவோஸ் 1985-இல் தேசிய வீட்டுவேலைத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் சேர்ந்திருந்த துறவற சபை 1897-இல் நம் கன்னியாகுமரி மாவட்டத்து முளகுமூட்டில் பிறந்தது; ஆகவே இந்த வேலைக்கும் தமிழ் மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. அவ்வியக்கம் கையாண்ட முறையில் ஆச்சரியப்படத்தக்கது எதுவுமில்லை. ஒரு தெருவில் வேலை செய்யும் பத்துப் பெண்கள் முதலில் ஒரு சிறு குழுவாகக் கூடுவார்கள். ஒருவர் குறையை மற்றவர் கேட்பார்கள். பலருக்கு, தம் கதையைப் பிறர் உட்கார்ந்து கேட்பதே முதல் அனுபவமாக இருக்கும். அவர்களுக்குள்ளிருந்தே ஒருத்தி தலைவியாவாள். குழுக்கள் பகுதியாகவும், பகுதிகள் மாவட்டமாகவும், மாவட்டங்கள் மாநிலமாகவும் இணையும். மும்பையிலும் பீகாரிலும் ஜார்க்கண்டிலும் தமிழ்நாட்டிலும் மொழி வேறு, அடுக்களை ஒன்றுதான்.

நம் தமிழ்நாட்டில் இதன் கனிகளைக் காண்கிறோம். 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2007-இல் வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் அமைந்தது. அதில் பதிவு செய்தவருக்கு விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, மகப்பேறு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை உண்டு. 2018-இல் தமிழக அரசு வீட்டுவேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 37 ரூபாய் முதல் 39 ரூபாய் வரை என நிர்ணயித்தது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள் என்று கணக்கிட்டால் 37 ரூபாய் வீதம் 1,924 ரூபாய் வருகிறது. நம்மில் பலர் இதைவிடக் கூடுதலாகவே தருகிறோம், அதை மறுக்கவில்லை. ஆனால் காய்ச்சலில் மூன்று நாள் படுத்தால் சம்பளம் பிடிக்கப்படுமா, வேலையை விட்டு நீக்கினால் ஒரு மாத முன்னறிவிப்பு உண்டா, முதுமைக்கு ஏதாவது சேருமா என்ற கேள்விகளுக்கு நம் வீடுகளில் விடை இல்லை. 2020 மார்ச் மாத ஊரடங்கை நினைத்துப் பாருங்கள். வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியும் சம்பளத்தை வீடு தேடிக் கொடுத்தனுப்பிய குடும்பங்கள் நம் சபையில் உண்டு. அவர்களை நான் அறிவேன். ஒரு தொலைபேசி அழைப்போடு கணக்கை முடித்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. அவர்களையும் நான் அறிவேன். ஒரே தெருவில் ஒருத்திக்கு அப்பமும் இன்னொருத்திக்குப் பசியும் கிடைத்தது எஜமானியின் மனநிலையைப் பொறுத்தே அமைந்தது. இரக்கம் இருக்கும் வீட்டில் வேலை கிடைப்பதை அதிர்ஷ்டத்திற்கு விட்டுவிடாமல், எல்லா வீட்டுக்கும் ஒரு முறைமை வேண்டும் என்பதே சங்கத்தார் கேட்பது.

இந்த வேண்டுகோள் சமுத்திரங்களையும் கடந்திருக்கிறது. 2011 ஜூன் 16 அன்று ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, வீட்டுவேலைத் தொழிலாளருக்கான 189-ஆவது உடன்படிக்கையை 396 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்தவை 16, விலகி நின்றவை 63. அரசுகளும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் அமரும் அந்த அவைக்கு, ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா நாடுகளிலிருந்து வீட்டுவேலை செய்யும் பெண்கள் தாங்களே போய்ப் பேசியிருந்தார்கள். அதனால்தான் ஜூன் 16 உலக வீட்டுவேலைத் தொழிலாளர் தினமாக அனுசரிக்கப்படுகிறது. இந்தியா அன்று ஆதரித்து வாக்களித்தது. ஏற்புறுதி மட்டும் இன்னும் செய்யவில்லை. ஆசியாவில் முதலில் ஏற்றுக்கொண்ட நாடு பிலிப்பைன்ஸ், 2012-இல். மறு ஆண்டு ஜனவரியில் தனக்கென ஒரு சட்டமும் இயற்றியது. அந்தச் சட்டத்தில் ஒரு சிறு விதி என்னை நிறுத்தி வைத்தது. வாரத்தில் 24 மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு தர வேண்டும். எந்த நாள் என்பதில் தொழிலாளி சமயக் காரணத்திற்காக ஒரு நாளை விரும்பினால், எஜமானர் அதை மதிக்க வேண்டும்.

ஹாங்காங் நகரத்தைப் பற்றி வாசித்தபோது இதன் பொருள் இன்னும் விளங்கியது. அங்கே மூன்று லட்சத்திற்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பெண்கள் வீட்டுவேலை செய்கிறார்கள். பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா நாட்டவர். ஏழு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு அங்கே சட்டப்படியானது. ஞாயிறுதோறும் மாநகரின் நடுப்பகுதியில், வங்கிக் கட்டடங்களின் நிழலிலும் நடைபாலங்களிலும் அட்டைப்பெட்டிகளை விரித்து அவர்கள் ஆயிரக்கணக்கில் அமர்ந்திருப்பார்கள்; சாப்பாட்டைப் பகிர்வார்கள், பாடுவார்கள், ஊருக்குப் பேசுவார்கள். அவர்களுடைய சங்கங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்து முளைத்தவை. 1981 முதல் அவர்களுக்குத் துணை நிற்கும் குடிபெயர்ந்த தொழிலாளர் ஊழியம், அங்குள்ள பரிசுத்த யோவான் பேராலய வளாகத்திலிருந்து இயங்கிவருகிறது. கண்டம் முழுவதும் பரவிய ஓர் இயக்கத்திற்குப் பெரிய பணமோ பெரிய தலைவரோ முதலில் தேவைப்படவில்லை. வாரத்தில் ஒரு நாளும், உட்கார ஓர் இடமும் தேவைப்பட்டன. நம்மிடம் அந்த நான்கு பெண்கள் கேட்பது மாதத்தில் இரண்டு மணி நேரம்.

இனி மூப்பர்களின் கேள்விகளுக்கு வருகிறேன். தேவாலயத்தில் தொழிற்சங்கமா என்ற கேள்விக்கு நம் ஊர்ச் சரித்திரமே ஒரு விடை வைத்திருக்கிறது. 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று போற்றப்படுகிறது. பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர் முதலில் கூடியது பெரம்பூரில் பக்திச் சொற்பொழிவுகள் நடத்திவந்த ஒரு வைணவச் சபையில். செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் அதை நடத்தினார்கள். அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி. பி. வாடியாவும், திரு. வி. கலியாணசுந்தரனாரும் அங்கிருந்தே அத்தொழிலாளருக்குத் தோள் கொடுத்தார்கள். தேவனுடைய பெயரைக் கேட்கக் கூடியவர்கள் தங்கள் பசியையும் அங்கேயே பேசத் தொடங்கியது இயல்புதானே. நம் மயிலாப்பூரிலேயே ஜெயா அருணாசலம் 1978-இல் உழைக்கும் பெண்கள் மன்றத்தைத் தொடங்கி, தெருவில் கூடை வைத்து விற்கும் பெண்களை அக்கம்பக்கக் குழுக்களாகச் சேர்த்தார். நாம் வழிநெடுகக் கடந்துபோகும் தெருக்களில் நடந்த காரியம் இது.

யாருக்கு எதிராகச் சங்கம் என்று ஒரு மூப்பர் கேட்டார். இதே கேள்வி 1972-இல் அகமதாபாத்தில் எழுந்தது. சுயதொழில் செய்யும் பெண்களுக்காக எலா பட் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, முதலாளியே இல்லாதவர்கள் யாரை எதிர்த்துச் சங்கம் வைக்கிறீர்கள் என்று அதிகாரிகள் கேட்டார்கள். எதிர்ப்பதற்கு ஒருவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தொழிலாளர் தமக்குள் ஒன்றுபடுவதற்கே சங்கம் என்று வாதிட்டு அவர் பதிவு பெற்றார். நம் சகோதரிகள் கூடினால் நம்மைப் பற்றிப் பேசுவார்கள் என்பது உண்மையே. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாம் அவர்களைப் பற்றிப் பேசுவதில்லையா?

அவள் எங்கள் வீட்டுப் பெண்ணைப் போல என்ற சொல்லை நான் வீடு சந்திப்புகளில் அடிக்கடி கேட்கிறேன். அன்போடுதான் சொல்கிறீர்கள். ஆனால் வீட்டுப் பெண்ணுக்குத் தனித் தம்ளர் இராது. வீட்டுப் பெண் நாற்காலியில் அமர்வாள். அவளை அடுக்குமாடிக் குடியிருப்பின் தனி மின்தூக்கியில் ஏறச் சொல்லமாட்டோம். சாதியின் பழைய பழக்கங்கள் ஞானஸ்நானத் தண்ணீரில் கரைந்துவிட்டன என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, அவை பாத்திரம் கழுவும் தொட்டியருகே குந்தியிருக்கின்றன. இதை எழுதும்போது சிலருக்கு மனம் நோகும் என்று அறிவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சமாதானம் குலையும் என்ற அச்சத்திற்கு வேதமே பதில் சொல்கிறது. யாக்கோபு தன் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில், பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தச் சத்தம் சேனைகளின் கர்த்தருடைய செவிகளுக்கு எட்டியது என்றும் எழுதுகிறார். கேட்கிற நமக்கு அமைதியாக இருக்கும் வீடு, தேவனுடைய செவிகளுக்குச் சத்தமுள்ள வீடாக இருக்கக் கூடும். உபாகமம் 24-ஆம் அதிகாரம் ஏழைக் கூலியாளுக்கு அன்றைய கூலியைப் பொழுது போகுமுன் கொடுக்கச் சொல்கிறது. அவன் தன் ஜாதியானா அந்நியனா என்று பார்க்க வேண்டாம் என்கிறது. அந்த நால்வரில் இருவர் நம் விசுவாசத்தார் அல்லர் என்ற ஆட்சேபம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

ஓய்வுநாள் கட்டளையைப் பற்றி நான் பேசத் தகுதியற்றவன், அதையும் சொல்லிவிடுகிறேன். யாத்திராகமம் 20-இல் ஓய்வு பெற வேண்டியவர்களின் பட்டியலில் வேலைக்காரியும் இருக்கிறாள். உபாகமம் 5 இன்னும் விளக்கமாக, உன்னைப் போலவே அவர்களும் இளைப்பாறும்படி என்று காரணம் சொல்லி, நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினை என்கிறது. இதே வேதபகுதிகளை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அந்த ஞாயிறுகளிலெல்லாம் ஆயர் இல்லத்தில் சமையலுக்கு உதவ ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். ஆராதனைக்குப் பின் விருந்தினர் வருவார்கள். பிரியாணிப் பாத்திரங்கள் குவியும். மற்ற நாட்களைவிட ஞாயிறன்றுதான் அவருக்கு வேலை அதிகம். ஒரு நாள் என் துணைவியார் அவரிடம், ஏன் கோவிலுக்கே வருவதில்லை என்று சாதாரணமாகக் கேட்டார். "வரணும்னுதாம்மா ஆசை. நீங்கல்லாம் கோயில்ல இருக்கும்போதுதானே நான் வெங்காயம் உரிக்கணும்" என்றார் அவர். எங்கள் இருவருக்கும் அன்று சோறு இறங்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அவரைச் சபையிலிருந்து தூரப்படுத்தியவன் அந்தச் சபையின் ஆயனாகிய நானே. அவருடைய முழுப்பெயரை நல வாரிய விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் முதன்முறை எழுதினேன். இப்போது ஞாயிறன்று அவர் வருவதில்லை, சம்பளமும் குறைவதில்லை. விருந்தினருக்குத் தயிர்சாதம் போதுமானதாக இருக்கிறது. யாரும் இதுவரை கோபித்துக்கொண்டு போகவில்லை.

2025 ஜனவரி 29 அன்று உச்சநீதிமன்றம், வீட்டுவேலைத் தொழிலாளரின் உரிமைகளுக்கு ஒரு சட்டம் தேவையா என ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் வரும்போது வரட்டும். நம் வீட்டுக் கதவுகளுக்குள் நாம் இன்றே செய்யக்கூடியவை உண்டு. வாரத்தில் ஒரு முழு நாள் சம்பளத்துடன் ஓய்வு கொடுங்கள்; கிறிஸ்தவப் பெண்ணாயின் அது ஞாயிறாக இருக்கட்டும், பிற சமயத்தவராயின் எந்த நாள் வேண்டுமென்று அவரையே கேளுங்கள். நல வாரியப் பதிவுக்கு நீங்களே உடன்சென்று உதவுங்கள். அவர் எங்கள் வீட்டில் வேலை செய்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடச் சிலர் தயங்குவதாகக் கேள்விப்படுகிறேன். பத்தாண்டு உழைப்புக்கு ஒரு கையொப்பம் தரப் பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மண்டபத்தைப் பொறுத்தவரை, வாடகையின்றித் தர வேண்டும் என்பதே என் கருத்து. கட்சிக்கொடி கூடாது, தேர்தல் பிரசாரம் கூடாது என்ற நிபந்தனைகளை அந்தப் பெண்களே முன்வந்து ஏற்றுக்கொண்டார்கள். மின்விசிறிக்கும் விளக்குக்கும் ஆகும் மின்கட்டணத்தை ஆயர் இல்லக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்று பொருளாளரிடம் சொல்லியிருக்கிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் என்னிடம் நேரில் வந்து பேசுங்கள்; கமிட்டி கூடும்போது எழுத்திலும் தரலாம்.

குருசேகரக் கமிட்டி வரும் வெள்ளி மாலை 6.30 மணிக்குக் கூடுகிறது. அந்த நால்வரையும் அழைத்திருக்கிறேன். மூத்தவர் மட்டும், கடைசி வீட்டு வேலை ஏழு மணிக்குத்தான் முடியும், சற்றுத் தாமதமாக வருவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் வந்து சேரும்வரை அந்தப் பொருளை எடுக்க வேண்டாம் என்று செயலரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாசற்கதவைப் பூட்டிவிட வேண்டாம் என்று கோயில்பிள்ளையிடமும் சொல்லிவிட்டேன்.